நண்டு சாப்பிட ஆகும் நேரம்

முதல் தடிப்பு இடது மணிக்கட்டில் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, தஞ்சோங் பகாரில் ரயிலைவிட்டு இறங்கும்போது கவனித்தேன். கைக்கடிகாரத்தின் வார் உரசியிருக்கும் என்று நினைத்தேன். லிஃப்டில் ஏறி ஆபீசுக்குள் நுழைவதற்குள் முழங்கைவரை பரவிவிட்டது. மதியத்துக்குள் கழுத்தும் வயிறும் தடித்துச் சிவந்து, சொறியச் சொறிய இன்னும் கொஞ்சம் என்று கேட்டன. மாலையில் புக்கிட் பாத்தோக் வீட்டுக் கண்ணாடி முன் நின்றால் ஒன்றுமே இல்லை. யாரிடமாவது காட்டி அழலாம் என்றால் காட்டுவதற்கு ஒரு தழும்புகூட மிச்சமில்லை.

ஆளுக்கொன்று சொன்னார்கள். அடுத்த மேசைச் சீனத் தோழி உடம்புச் சூடு என்று தீர்ப்புச் சொல்லிப் பார்லித் தண்ணீர் வாங்கி வந்தாள். எதிர்வீட்டு மலாய்க்காரம்மா காற்று என்று தைலம் தேய்க்கச் சொன்னார். சித்தி போனிலேயே கண்டுபிடித்துவிட்டார்: "காணாக்கடிடி அது. ஏதோ பூச்சி கடிச்சிருக்கு. வேப்பிலைய அரைச்சுப் பூசு." மருந்துக்கடைப் பெண் துணி துவைக்கும் சோப்பை மாற்றச் சொன்னாள். நான் நால்வர் சொன்னதையும் ஒரே வாரத்தில் செய்தேன். அதனால் தடிப்பு குறைந்தபோது எதனால் குறைந்தது என்று தெரியவில்லை. மறுபடி வந்தபோது எதனால் வந்தது என்றும் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நண்டு. திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்டு என்பது அப்பா வீட்டு நண்டு. அப்பா தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா வருடத்தில் பாதி மெல்பர்னில், தங்கையின் பிள்ளைகளோடு. அப்பாவுக்கு விமானமும் ஆகாது, குளிரும் ஆகாது. எனக்கு விவாகரத்து ஆனபோது அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "உனக்குத்தான் அனுசரிச்சுப் போகத் தெரியல." நான் பதிலுக்கு ஒன்பது வாக்கியம் சொன்னேன். அதன்பிறகு இரண்டு வருடம் நாங்கள் பேசவில்லை. எனக்கு அவருடைய கோபம்தான் வாய்த்திருக்கிறது, அம்மாவின் பொறுமை தங்கைக்குப் போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு காலை போன் வந்தது. "நண்டு வாங்கியிருக்கேன். வர்றியா?" என்றார். நலமா, எப்படி இருக்கிறாய், ஒன்றுமில்லை. நானும் "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அன்றிலிருந்து ஐந்து வருடமாக ஞாயிறுதோறும் நண்டு. விடியற்காலையில் சந்தைக்குப் போய் ஒவ்வொரு நண்டாகப் புரட்டி, வயிற்றோட்டை அழுத்திப் பார்த்து, அமுங்காததை மட்டும் வாங்குவார். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் அவரே இடித்துக் கொழகொழவென்று ஒரு மசாலா செய்வார். மேசைமேல் செய்தித்தாளை விரிப்பார். நடுவில் சட்டி, பக்கத்தில் கொடுக்கு உடைக்க ஒரு சின்னச் சுத்தியல். கருவிப்பெட்டியில் இருந்த சுத்தியல்தான், இப்போது சமையலறை உத்தியோகத்துக்கு மாற்றலாகி வந்துவிட்டது.

நண்டைச் சாப்பிடுவது அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. ஓட்டைப் பிரிக்க வேண்டும், காலைக் கடித்து உறிஞ்ச வேண்டும், மூலையில் ஒளிந்திருக்கும் சதையை விரல் நுனியால் தோண்ட வேண்டும். இரண்டு கையிலும் மசாலா, போனைத் தொட முடியாது. எழுந்து போகவும் முடியாது. ஒன்றரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்தே ஆக வேண்டும். முதல் அரை மணி நேரம் நாங்கள் நண்டைப் பற்றி மட்டும் பேசுவோம், சதை கல்லுபோல் இருக்கிறது, இதில் முட்டை இருக்கிறது, போன வாரத்தைவிடப் பரவாயில்லை என்று. அதற்குப் பிறகுதான் மனிதர்களைப் பற்றிய பேச்சு மெல்ல வெளியே வரும்.

மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனபிறகு, அப்பா தலை நிமிராமல் ஒரு கொடுக்கைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." சுத்தியல் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. திருப்பிச் சொல்லச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் உடைத்த கொடுக்கை என் தட்டில் வைத்தார்.

ஒரு முறை நண்டு கிடைக்காமல் கோழிக்கறி வைத்தார். பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துக் கையைக் கழுவி, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டார். நான் கால் மணி நேரம் விளம்பரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நண்டில்லாத ஞாயிறு எப்படி இருக்கும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

தடிப்பு வந்த மூன்றாவது வாரம் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பெண். என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டதை நான் உடனே மன்னிக்கவில்லை. ஒவ்வாமையாக இருக்கலாம், உணவால்தான் என்று இப்போதே சொல்ல முடியாது, சோதனைக்கு எழுதித் தருகிறேன், அதுவரை சாப்பிடுவதையெல்லாம் குறித்து வையுங்கள் என்றாள். ஒரு தாள் கொடுத்தாள். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது, எவ்வளவு நேரம் எடுத்தது, பிறகு உடம்பில் என்ன ஆனது என்று நான்கு கட்டங்கள்.

"நண்டு, இறால் ஏதாச்சும் சாப்பிடுவீங்களா ஆன்ட்டி?"

"எப்பவாச்சும்" என்று மென்று முழுங்கினேன்.

இரண்டு வாரம் ஒழுங்காக எழுதினேன். காலை ரொட்டி, நான்கு நிமிடம், ரயிலுக்கு நடந்தபடி. மதியம் மீ கோரேங் நூடுல்ஸ், ஏழு நிமிடம், கணினிக்கு முன்னால். இரவு தோசை, ஆறு நிமிடம், நின்றபடி. ஒரு வாரத்தில் நான் எதிரில் ஓர் ஆளோடு உட்கார்ந்து சாப்பிடுவது ஒரே ஒரு வேளைதான் என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மட்டும் "ரசம் சாதம், அப்பளம்" என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், நான் முழு நண்டை மறைத்தேன்.

இதில் பெரிய குழப்பம் என்னவென்றால், புதன்கிழமையும் தடித்தது. ஞாயிறு சாப்பிட்ட நண்டு புதன்கிழமைவரை காத்திருந்து கடிக்குமா? அப்படியென்றால் நண்டு நிரபராதி. ஆனால் அடுத்த திங்களும் தடித்தது. அப்படியென்றால் குற்றவாளி. செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட சம்பாலில் பெலாச்சான் இருந்தது, அதில் இறால் உண்டு, அதனால் புதன் வந்திருக்குமோ? ஆனால் அதற்கு முந்தைய வாரம் அதே சம்பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலையில் காட்டும் புத்தி இந்தத் தாளைப் பார்த்ததும் எங்கே போனது என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம்தான் ஆபீசில் மதிய உரை ஒன்று வைத்தார்கள். கவனத்தோடு சாப்பிடுவது எப்படி என்று ஓர் அம்மையார் வந்து சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு ஒரே ஓர் உலர்ந்த திராட்சை. அதைப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், உருட்ட வேண்டும், பிறகு நாக்கில் வைத்து ஐந்து நிமிடம் மெல்ல வேண்டும். போனைப் பைக்குள் போடுங்கள், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள் என்றார். பக்கத்துத் தோழி கண்ணை மூடி ஞானி மாதிரி மென்றாள். எனக்குத் திராட்சை எப்போது தொண்டையைத் தாண்டியது என்றே தெரியவில்லை. இதையெல்லாம் நான் ஐந்து வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன் அம்மா, சுத்தியலோடு செய்கிறேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை, கை தட்டினேன்.

அடுத்த ஞாயிறு, கிளம்புவதற்கு முன்பே அரிப்பு மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு அப்பா வீட்டுக்குப் போனேன். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்களே, அதுதான். இரண்டாவது நண்டின் பாதியில் கீழ் உதடு கனத்தது. குளியலறைக் கண்ணாடியில் பார்த்தால் என் உதடு யாரோ ஒருத்தியின் உதடாக இருந்தது. எனக்குப் பயம் வந்தது. பையிலிருந்த முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்னாச்சு?" என்றார் அப்பா.

"மிளகு காரம்ப்பா. கொஞ்சம் ஜாஸ்தி."

அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லிஃப்ட்வரை கூட வந்தார், வழக்கமாக வரமாட்டார்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டர்ப் பெண் தாளை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் பேனாவை வைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை ரசம் சாதம், அப்பளம். ஒன்றரை மணி நேரம்னு போட்டிருக்கீங்க."

நேரத்தை மட்டும் உள்ளபடியே எழுதித் தொலைத்திருந்தேன். இரண்டு ஞாயிறும்.

"ரசம் சாதத்த யாரும் ஒன்றரை மணி நேரம் சாப்பிட மாட்டாங்க ஆன்ட்டி."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நண்டு, மாத்திரை, உதடு. அவள் சிரிக்கவில்லை. உதடு வீங்கினால் அடுத்து மூச்சு அடைக்கலாம், அப்போது வீட்டுக்குப் போகக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். சோதனை முடியும்வரை நண்டும் இறாலும் ஒரு வாய்கூடக் கூடாது. மீன் சாப்பிடலாம், அதனால் இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்றாள்.

"அப்போ நண்டுதான் காரணமா?" என்று கேட்டேன்.

"தெரியல. உதட்டப் பாத்தா இருக்கலாம். புதன்கிழமைய பாத்தா வேற ஏதோ." டாக்டருக்கே தெரியவில்லை என்பதில் எனக்கு ஒரு நிமிடம் ஆறுதல் இருந்தது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஆறு நாள் ஒத்திகை பார்த்தேன். எனக்கு நண்டு ஆகாது என்றால் அவரும் வாங்க மாட்டார். கோழிக்கறி வைப்பார். பன்னிரண்டு நிமிடம், பிறகு தொலைக்காட்சி. கொஞ்ச நாளில் இந்த வாரம் வேண்டாமே என்று நான் சொல்வேன், சரி என்று அவர் சொல்வார். அவ்வளவுதான் முடிந்தது. எழுபத்தாறு வயதுக்காரருடன் எனக்கு எத்தனை ஞாயிறு மிச்சம் என்று யோசித்தால் தடிப்பே தேவலாம்போல் இருந்தது. உடம்பைப் பார்ப்பதா உறவைப் பார்ப்பதா என்று கேட்டால் யாரும் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு போனேன். லிஃப்டைவிட்டு வெளியே வந்ததும் நடைபாதையிலேயே அந்த மிளகு மசாலா வாசனை. உள்ளே மேசைமேல் செய்தித்தாள் விரித்தாயிற்று. வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"கண்ணாடி கொண்டாந்தியா?" என்றார் அப்பா.

"எந்தக் கண்ணாடி?"

"படிக்கிற கண்ணாடி. இல்லாட்டி என்னோடத போட்டுக்க."

சட்டியை நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். நண்டு இல்லை. அதே மசாலாவில் நீளமான மீன்கள், செதிலோடு மினுங்கின. மலாய்க்காரர்கள் தெருபோக் என்று சொல்லும் மீன். ருசி அதிகம், ஆனால் மயிரிழை மாதிரி முள் உடம்பு முழுக்க. பொறுமை இல்லாதவர்கள் அந்தக் கடைப்பக்கமே போக மாட்டார்கள். சுத்தியலை அப்போதுதான் தேடினேன், மேசையில் இல்லை.

"மிளகாம் மிளகு" என்றார் அப்பா, உட்கார்ந்துகொண்டே. "நாப்பத்தாறு வருஷமா மிளகு தின்னுறவளுக்குப் போன வாரந்தான் உதடு வீங்குச்சா?"

"அன்னைக்கே ஏன்ப்பா கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." ஒரு மீனை என் தட்டில் வைத்தார். "நேத்தே மீன் கடைக்குப் போயிட்டேன் லா. சாப்பிட ரொம்ப நேரம் ஆகுற மீன் எதுன்னு கேட்டேன். அவன் சிரிக்கிறான். எல்லாரும் முள்ளு இல்லாத மீனுதான் கேப்பாங்களாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. துடைக்கவும் இல்லை. ஐந்து வருடமாக அந்த மேசையில் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

"கண்ணாடிய போடு. இல்லாட்டி முள்ளு தெரியாது" என்றார், என்னைப் பார்க்காமல்.

போட்டேன். ஒவ்வொரு முள்ளாக எடுத்துச் செய்தித்தாளின் ஓரத்தில் வரிசையாக வைத்தோம். அன்றைக்குச் சாப்பிட்டு முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்து டாக்டரின் தாளில் மீனின் பெயரையும் நேரத்தையும் உள்ளபடியே எழுதினேன்.

புதன்கிழமை காலை மணிக்கட்டில் மறுபடி தடித்தது. எதனால் என்று எனக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை, சோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சொறிந்துகொண்டே ரயிலில் நிற்கும்போது போன் அடித்தது.

"ஞாயித்துக்கிழமைக்கு முள்ளுவாளை சொல்லி வச்சிருக்கேன்" என்றார் அப்பா. "அதுல இன்னும் ஜாஸ்தி முள்ளாம்."