பூமணி அண்ணி படித்த திவால் சட்டம்

“லோரி ஓட்டுறது அவன், கடன் கட்டுறது நாமளா?”

என் அண்ணி பூமணி இதைக் காலையில் பல் துலக்கும்போது சொல்வார். வாயில் நுரை இருப்பதால் அப்போது பாதிதான் புரியும். மீன் கழுவும்போது சொல்வார். அது முழுதாகப் புரியும், மீனுக்கும் புரிந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் சுவர் மெல்லிசு. அடுத்த வீட்டு ஆன்டி எப்போதாவது, “இன்னிக்குப் பூமணி சத்தத்தைக் காணோமே, உடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்.

நான் அவர் நாத்தனார், சீதாலெட்சுமி. பங்சாரில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டர். நாள் முழுக்கக் குரல் கேட்கிற வேலை என்பதால் யார் குரலும் எனக்கு வரும். அண்ணி மாதிரியே இடுப்பில் கை வைத்து, “லோரி ஓட்டுறது அவன்...” என்று ஆரம்பித்தால் என் அண்ணன் வாசு சிரித்துவிடுவார்.

அண்ணி சிரித்ததில்லை. “சிரிங்க. நாளைக்கு நம்ம சட்டி பானையை ரோட்டுல வைப்பான், அதையும் நடிச்சுக் காட்டச் சொல்லுங்க உங்க தங்கச்சியை.”

‘அவன்’ என்பது தம்புசாமி, எங்கள் சித்தப்பா மகன். கிள்ளானில் மணல் லோரி ஓட்டினார். 1983-ல் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. பத்திரிகைக்கு அடியில் லோரிக் கடனுக்கான பேங்க் ஜாமீன் பாரம். தட்டைக் கையில் வாங்கிய பிறகு இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

“சும்மா பார்மாலிட்டிலா அண்ணே. நீங்க கவர்மென்ட் ஆளு. பேங்குல ரயில்வே கிளார்க் கையெழுத்துன்னா தனி மரியாதை.” மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, ‘அண்ணே’வை இரண்டு முழம் இழுத்தால் என் வாயில் தம்புசாமி வந்துவிடுவார்.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். இன்னொரு ஜாமீன்தாரர் பாலன், கிள்ளான் துறைமுகத்தில் வேலை, தம்புசாமியின் கூட்டாளி. இரண்டு வருடத்தில் கட்டட வேலையெல்லாம் நின்றது. மணலுக்கு ஆளில்லை. தம்புசாமி தவணை கட்டுவதை நிறுத்தினார். பேங்க் லோரியைத் தேடி வந்தபோது லோரியையும் காணோம். பேங்கிலிருந்து அண்ணனுக்குக் கடிதம் வந்தது. பிறகு கோர்ட்டிலிருந்து வந்தது. அண்ணன் ஒன்றையும் பிரிக்கவில்லை. தையல் மெஷின் டிராயரில் போட்டு, “தம்பி பார்த்துக்குவான்” என்றார். யாரும் போய் நிற்காததால் பதினெட்டாயிரத்துச் சொச்சத்துக்குத் தீர்ப்பாகிவிட்டது.

அண்ணி, அண்ணனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனார். வக்கீல் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: “சைன் பண்ணியாச்சு. பே பண்ணணும். வேற ஒண்ணும் இல்ல.” அதற்கு முப்பது வெள்ளி பீஸ் வாங்கினார்.

“பத்து வார்த்தைகூட இல்ல,” என்றார் அண்ணி பஸ்ஸில். “ஒரு வார்த்தைக்கு மூணு வெள்ளிக்கு மேல. இதை நானே படிச்சுக்கிறேன்.”

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தோம். கோபத்தில்தான் சொன்னார்; ஆனால் செய்தார். அண்ணி பாரம் ஃபைவ், அதாவது பதினோராம் வகுப்பு, பாஸ். கிளினிக் கவுண்டரில் மருந்துக்குப் பெயர் எழுதுகிறவர். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கென்று ஒரு தபால்வழிப் படிப்பு பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. அதில் சேர்ந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு பழுப்பு உறை வரும். பாடத்தைப் படித்து, கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பினால், முகம் தெரியாத யாரோ சிவப்பு மையில் திருத்தி அனுப்புவார்.

முதல் கேள்வியிலேயே சண்டை. ‘ஏ என்பவர் பி-யின் கடனுக்கு ஜாமீன் நிற்கிறார். பி கட்டவில்லை. ஏ-க்கு ஆலோசனை கூறுக.’ அண்ணி ஐந்து பக்கம் எழுதினார். ஏ ஒரு முட்டாள் என்று ஆரம்பித்து, பி வெற்றிலைத் தட்டோடு வந்தது, பி-யின் பெண்சாதி போட்டிருந்த புதுச் சங்கிலி, பி லோரியை ஒளித்து வைத்தது எல்லாம் அதில் இருந்தது. நூற்றுக்கு முப்பத்தெட்டு. ஓரத்தில் சிவப்பு மையில்: ‘சட்டத்தை எழுதவும். உங்கள் குடும்பத்தை அல்ல.’

“இவன் வீட்டுல எவனும் கேரண்டி போட்டிருக்க மாட்டான்,” என்றார் அண்ணி. ஆனால் அடுத்த தாளில் குடும்பம் இல்லை. மூன்றாவது தாளில் எழுபத்தொன்று.

திவால் சட்டப் பாடம் வந்த வாரம் அண்ணியின் கோபம் நிறம் மாறியது. அதுவரை கத்தியவர் சத்தம் குறைந்தார். கோர்ட் ஒருவரைத் திவால் என்று அறிவித்தால் அவர் சம்பளமும் சொத்தும் அவர் கையில் இல்லை, அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது என்று அதில் இருந்தது. கவர்மென்ட் வேலையில் இருப்பவர் என்றால் வேலையே ஆட்டம் காணும் என்பது குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வேலை போனால் இந்த வீடும் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அண்ணன் டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார். அண்ணி சத்தமாகப் படித்து, தனக்குத் தானே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“திவால் நோட்டீஸை ஆளு கையில குடுக்கணும். குடுத்த நாள்லேர்ந்து ஏழு நாளைக்குள்ள கட்டணும். நோட்டீஸ்ல போட்டிருக்கிற தொகை நெசமா இருக்கிற பாக்கியைவிட ஜாஸ்தின்னா, அதே ஏழு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும். குடுக்கலைன்னா, தப்பான தொகைன்னாலும் நோட்டீஸ் செல்லும்.”

பிஸ்கட் டீயில் விழுந்தது. “எந்த நாள்லேர்ந்து ஏழு?” என்றார் அண்ணன்.

“கையில குடுத்த நாள்லேர்ந்து.”

“திங்கக்கிழமை குடுத்தா?”

“அடுத்த திங்க. ஏன் கேக்குறீங்க?”

அண்ணன் எழுந்து போய், ஆபீஸ் பையிலிருந்து நான்காய் மடித்த தாளை எடுத்து வந்தார். திங்கட்கிழமை ஆபீஸுக்கே வந்து, எல்லார் முன்னிலையிலும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் ஒருவன். அண்ணன் அதை வைத்துக்கொண்டு செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் கிள்ளானுக்குப் போய்த் தம்புசாமியைக் கெஞ்சியிருக்கிறார். வீட்டில் ‘ஓவர்டைம்’ என்று சொன்னார்.

“தம்பி என்ன சொன்னான்?” அண்ணியின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. அந்தக் குரல் மட்டும் எனக்கு இன்றுவரை வரவில்லை.

“பார்க்கலாம் அண்ணேன்னான்.”

“பொண்டாட்டிகிட்ட சொல்ல வெக்கம். ஏமாத்துனவன் வாசல்ல போயி நிக்க வெக்கமில்ல.”

அழுவார் என்று பார்த்தேன். நோட்டீஸை விளக்குக்கு அடியில் விரித்து, விரலால் தொகையைத் தொட்டார். “தீர்ப்புல எவ்வளவோ அதே தொகை. தீர்ப்பு ரெண்டு பேரு மேல. பாலனுக்கு நோட்டீஸ் வந்திச்சா?”

“வரலையாம்.”

“ஏன் வரல? ஒரே கடன், ஒரே கையெழுத்து. அவன் என்னமோ கட்டுறான்.”

சனிக்கிழமை கிள்ளான் பஸ்ஸில் அண்ணியோடு நானும் போனேன். பாலன் எங்களை வீட்டுக்குள் விடவில்லை. கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நிறுத்தி வைத்தே பேசினார். “அக்கா, மெதுவா பேசுங்க. என் வீட்டுக்காரிக்குத் தெரியாது.”

“எது தெரியாது?”

“தீர்ப்பு வந்ததுலேர்ந்து மாசம் முன்னூறு கட்டிக்கிட்டு இருக்கேன். பதினாலு மாசம் ஆச்சு.”

“பணம் கட்டுன ரசீது எங்கே?”

பாலன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிள் சீட்டைத் தூக்கினார். பிளாஸ்டிக் பையில் பதினான்கு பேங்க் ரசீதுகள், எண்ணெய்க் கறையோடு. நாலாயிரத்து இருநூறு வெள்ளி. நோட்டீஸில் அதில் ஒரு காசுகூடக் கழிக்கப்படவில்லை.

“ஒருத்தர் ஆபீஸ் பையில, ஒருத்தர் மோட்டார் சீட்டுல,” என்றார் அண்ணி. “நல்லா ஒளிச்சு வைக்கிறீங்க. லோரியை எங்கே ஒளிச்சிருக்கான்?”

பாலன் சீட்டை மூடப் போனார்.

“மாசம் முன்னூறு கட்டுறது நீங்க, அண்ணே.”

“பூச்சோங்,” என்றார் பாலன். “பழைய செங்கல் சூளைக்குப் பின்னால. கேன்வஸ் போட்டு மூடியிருக்கு.”

பாலனிடம் வாங்கி வந்த ரசீதுகளை வைத்துக்கொண்டு ஞாயிறு முழுக்க அண்ணி கடிதம் எழுதினார். ஆறு முறை கிழித்தார். கடைசியில் அரைப் பக்கம்: நோட்டீஸில் கண்ட தொகை உண்மைப் பாக்கியைவிட அதிகம், ஆகவே நோட்டீஸ் செல்லாது என மறுக்கிறேன், ரசீதுகளின் நகல் இணைப்பு. அண்ணனிடம் நீட்டியபோது அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, “நீ என்ன லாயரா பூமணி? தப்பாப் போச்சுன்னா?” என்றார்.

“கண்ட காகிதத்துல எல்லாம் கேக்காமப் போட்டீங்க. இதுல மட்டும் யோசனையா?”

திங்கட்கிழமை, ஏழாவது நாள், காலை ஒன்பது மணிக்குப் பேங்க்காரர்களின் வக்கீல் ஆபீஸ். நானும் மெடிக்கல் லீவு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த சீனப் பெண் கடிதத்தைத் திருப்பித் தள்ளினாள். “ஆன்டி, திஸ் ஒன் கெனாட்லா. மஸ்ட் கெட் லாயர்.”

“வேர் இட் சே?” அண்ணி பாடப் புத்தகத்தைக் கவுண்டரில் வைத்தார், சத்தம் வரும்படி. “யூ ஷோ மீ. வேர் இட் சே மஸ்ட் கெட் லாயர்?”

“பாஸ் நாட் இன்.”

“ஐ வெயிட்.”

பெற்றுக்கொண்டதற்குச் சாப் முத்திரை குத்திய நகல் இல்லாமல் நகர மாட்டேன் என்று அங்கேயே நின்றார். நாற்காலி காட்டினார்கள், உட்காரவில்லை. உள்ளே வந்தவர்கள் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பதினொன்றரைக்கு ‘நாட் இன்’ ஆன பாஸ் உள் அறையிலிருந்தே வெளியே வந்தார். கடிதத்தைப் படித்தார். ரசீதுகளைப் புரட்டினார்.

“ஹூ டிராப்டட் திஸ்?”

“மை ஹஸ்பண்ட் சைன். ஐ ரைட்.”

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். நகலில் சாப் விழுந்தது. தேதியும் நேரமும் எழுதச் சொல்லி அதையும் வாங்கிக்கொண்டுதான் அண்ணி படியிறங்கினார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நோட்டீஸை வாபஸ் வாங்குகிறோம். சரியான தொகைக்குப் புது நோட்டீஸ் அனுப்ப உரிமை உண்டு. அண்ணன் சாமி படத்துக்கு முன்னால் வைக்கப் போனார். அண்ணி பிடுங்கினார். “கடைசி வரியைப் படிங்க. இது ஜெயிச்சது இல்ல, மூச்சு விட நேரம்.”

அந்த நேரத்தில் அவர் பேங்குக்கு இரண்டாவது கடிதம் எழுதினார். பூச்சோங், செங்கல் சூளை, கேன்வஸ், லோரி நம்பர். பேங்க் ஒரே வாரத்தில் லோரியை இழுத்துக்கொண்டு போய் விற்றது. மிச்சமிருந்ததை அண்ணனும் பாலனும் மாதாமாதம் கட்ட பேங்க் ஒத்துக்கொண்டது. அண்ணன் எப்போதும்போல் வேலைக்குப் போனார். நாங்கள் குவார்ட்டர்ஸிலேயே இருந்தோம். ஆனால் சொந்தக்காரர்கள் ஒரு கல்யாணத்தில் அண்ணி உட்கார்ந்த வரிசையில் உட்காரவில்லை. காட்டிக்கொடுத்தவள் என்று பேர். லோரியை ஒளித்தவருக்கு அந்த மாதிரி பேர் எதுவும் கிடைக்கவில்லை. அவர் முன்வரிசையில் இருந்தார். அதை நினைத்தால் எனக்கே இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாலு மாதம் கழித்துத் தம்புசாமி வந்தார். வாசலிலேயே ஆரம்பித்தார். “சோறு போடுற லோரியைப் பிடிச்சுக் குடுத்துட்டீங்களே அண்ணி! பொம்பளைக்கு எதுக்கு சட்டம்? ரத்த சொந்தம்னு ஒண்ணு இல்லையா?” அடுத்த வீட்டு ஆன்டி ஜன்னலைத் திறந்தார். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. கத்திக் களைத்த தம்புசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்து, அண்ணி பக்கம் நகர்த்தினார். அவர் வேறு எங்கோ வாங்கிய கடனுக்கு வந்த திவால் நோட்டீஸ். கொடுத்து நாலு நாளாகிவிட்டது.

“இதுலயும் தொகை தப்பா இருக்கு அண்ணி,” என்றார். ‘அண்ணி’ இப்போது மூன்று முழம் நீண்டது. “அண்ணனுக்கு எழுதுன மாதிரி எனக்கும் ஒரு லெட்டர் எழுதிக் குடுங்களேன்.”

அண்ணி கத்தியை வைத்துவிட்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“எழுதித் தரேன்லா தம்பி, ஏன் தர மாட்டேன். முதல்ல அம்பது வெள்ளியை மேசையில வையி. அடுத்த மாசம் தரேன் அண்ணின்னு வாயைத் திறந்தியானா, உனக்குக் கேரண்டி நிக்க வெளியிலேர்ந்து ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வா. இந்த வீட்டுல எல்லாருக்கும் கை வலிக்குது.”