ஜன்னல் சீட்டும் வேதத்தின் சீனியாரிட்டியும்

பஸ் நிற்பதற்குள் துண்டு ஏறிவிடும். காலை ஷிஃப்ட் பஸ் மந்தாரக்குப்பம் கடைத்தெரு முனையில் முக்கி முனகித் திரும்பும்போதே, குஞ்சிதபாதம் தோளில் கிடக்கும் பச்சைக்கரைத் துண்டை உருண்டையாகச் சுருட்டி, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் ஜன்னலைக் குறிபார்த்து எறிவார். குறி தப்பியதே இல்லை. ஆனால் டவுன்ஷிப் பிளாக்கிலேயே ஏறி அந்த சீட்டில் அமர்ந்துவிட்ட கோபாலகிருஷ்ணனின் மடியில்தான் அது தினமும் போய் விழும். அவர் அதை நாலாக மடித்து வைத்திருந்து, குஞ்சிதபாதம் படியேறியதும் கையில் கொடுப்பார். இரண்டு வருஷமாக இதே கதை. வேறு துண்டாக இருந்தால் இந்நேரம் யூனியனில் சேர்ந்து கொடி பிடித்திருக்கும்.

அந்த முதல் ஜன்னல் சீட்டு, பஸ்ஸிலேயே அதிக சர்வீஸ் உள்ளவருக்கு. எந்த ஆபீசும் போட்ட விதியல்ல. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிற ஆட்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். பழைய சீனியர் ரிட்டயர் ஆன அன்றே சண்டை பிறந்துவிட்டது. கோபாலகிருஷ்ணன் பர்மனென்ட் ஆகி இருபது வருஷம். குஞ்சிதபாதம் பர்மனென்ட் ஆகிப் பன்னிரண்டுதான். ஆனால் அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் கான்ட்ராக்ட்.

"பதினெட்டு வருஷம் கரி ஓடற பெல்ட்டுக்குக் கீழ கெடந்து செதறன கரிய வாரிக்கினு இருந்தேன். அது வேலை இல்லாம, பல்லாங்குழியா?" என்பார் குஞ்சிதபாதம்.

"ஆர்டர் எங்கய்யா? எழுத்துல என்னைக்கு வந்துச்சோ அன்னையிலேருந்துதான் சர்வீசு. அதுக்கு முன்னாடி எல்லாம் வாய்ப்பேச்சு" என்பார் கோபாலகிருஷ்ணன், கண்ணைத் திறக்காமலேயே.

குஞ்சிதபாதம் ஆள் ஒல்லி. பெல்ட் ஓடுகிற காற்றுக்கே பறந்துவிடுவார் என்று பயந்து பாக்கெட்டில் நட்டு போல்ட்டு போட்டுக்கொண்டு வேலை செய்வதாகச் சிலர் சொல்வார்கள். அந்தப் புரளியைக் கிளப்பியவரே அவர்தான். மீசை மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். குளித்துவிட்டு வந்தாலும் காது மடிப்பில் கொஞ்சம் கரி இருக்கும். கேட்டால், "இது ரெண்டு கோடி வருஷத்து மரம்ப்பா. எவன் காதுல இவ்ளோ பழசு இருக்குது, காட்டு?" என்பார். தான் ஒருநாள் லீவு போட்டால் சென்னையில் பாதிப் பேர் கரண்ட் இல்லாமல் கைவிசிறியோடு உட்கார்ந்திருப்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. லீவு போட்டுப் பார்த்ததில் மின்விசிறி நன்றாகத்தான் ஓடியது. "அது நேத்து நான் தள்ளுன கரி" என்று சொல்லிவிட்டார்.

உலகத்தில் எதைக் கண்டாலும் அவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதன் ஜாயினிங் தேதி. வீட்டில் ஃபிரிட்ஜை விட மிக்ஸி நாலு வருஷம் சீனியர். அதனால் சமையற்கட்டின் ஒரே நல்ல பிளக் பாயின்ட் மிக்ஸிக்கு. ஃபிரிட்ஜுக்குக் கூடத்திலிருந்து ஒயர் வருகிறது. அதில் தடுக்கி விழாத விருந்தாளி இல்லை. சாமிகளையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளையார் வயசில் சின்னவர், ஆனால் முதல் பூசை அவருக்கு என்பது நெடுநாள் உறுத்தலாக இருந்தது. கடைசியில், "அது ஸ்பெஷல் கேசு, மேலிடத்துப் புள்ள" என்று முடித்துக்கொண்டார்.

இந்த மனுஷனின் மகள் பொற்கொடியும் கோபாலகிருஷ்ணனின் மகன் அருண்குமாரும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். பஸ்ஸில் அப்பாக்கள் துண்டு விட்டுக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் பிள்ளைகள் போனில் மெசேஜ் விட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே வந்தபோது ஊரே வெட்டுக்குத்து வரும் என்று எதிர்பார்த்தது. ஒன்றும் வரவில்லை. நகை பேசினார்கள், ஒரே பேச்சில் முடிந்தது. பண்ருட்டிப் பலாப்பழத்தில் பாயசம் என்றார்கள், இரண்டு வீட்டு நாக்கும் ஒத்துக்கொண்டது. "யோவ்" போய் "சம்மந்தி, வாங்க" வந்தது.

இடித்தது ஓர் இடத்தில்தான். கோபாலகிருஷ்ணன் வீட்டில் ஐயர் வந்து வேத மந்திரம் சொல்லித்தான் கல்யாணம் நடத்துவார்கள். குஞ்சிதபாதம் வீட்டில் ஓதுவார் வந்து தமிழ்ப் பதிகம் பாடவேண்டும். இரண்டும் இருக்கட்டும் என்பதில் தகராறு இல்லை. மேடையில் யார் முதலில் வாய் திறப்பது?

"பழசு எதுவோ அது மொதல்ல" என்றார்கள் இருவரும், ஒரே குரலில். சீனியாரிட்டி தெரிந்தவர்கள் அல்லவா? அப்படியானால் எது பழசு? ஒரு வாரம் இரண்டு பேரும் போனைத் தேய்த்தார்கள். ஒரு வீடியோவில் வேதத்துக்கு மூவாயிரம் வருஷம். அடுத்ததில் முப்பதாயிரம். அதற்கடுத்ததில் அதற்கு வயசே கிடையாது. இன்னொருவர் தமிழ் மறைதான் முந்தியது, அது கடலோடு போய்விட்டது என்று கண் கலங்கினார். நடுநடுவே கூந்தல் தைலத்துக்கு விளம்பரம். படித்தவர்கள் இத்தனை நூறு வருஷமாக அடித்துக்கொண்டும் முடியாத வழக்கு, ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு குஞ்சிதபாதம் வீட்டுக் கூடத்தில் விசாரணைக்கு வந்தது. ஆவணியில் மிச்சம் இருந்தது ஒரே முகூர்த்தம். அன்று மதியத்துக்குள் உறுதி சொல்லாவிட்டால் மண்டபம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

கோபாலகிருஷ்ணன் ஃபிரிட்ஜ் ஒயரைத் தாண்டி வந்து உட்கார்ந்தார். "வேதம் பல ஆயிரம் வருஷமா வந்துகினு இருக்குதுங்க சம்மந்தி."

"வந்துகினு இருக்கட்டுங்க. எழுத்துல எப்ப வந்துச்சு?" குஞ்சிதபாதம் மீசையைத் தடவினார்.

"எழுத்தா? அதுக்கு எழுத்தே வேணாங்க! அப்பன் சொல்ல புள்ள கேட்டு, புள்ள சொல்ல பேரன் கேட்டு, ஒரு சொல்லு சிந்தாம வாயிலயே வச்சுக் காப்பாத்திக்கினு வந்தாங்க. ஓலையில ஏறனது எவ்ளோவோ நாள் கழிச்சி."

"ஆங்!" குஞ்சிதபாதம் நாற்காலியை விட்டு ஒரு முழம் எழும்பினார். "மாட்டிக்கினீங்களா! எங்க பதிகம் பாடன கையோட ஓலையில ஏறிடுச்சுங்க. ஓலையில ஏறன தேதிதாங்க தேதி. அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் வாய்ப்பேச்சு."

"அது எப்புடிங்க?" கோபாலகிருஷ்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எழுத்துல இல்லன்னா இல்லவே இல்லன்னு ஆயிடுமா? அத்தினி வருஷம் ஒழைச்சவங்க ஒழைப்பு கணக்குல வராதா? இது என்னாங்க நியாயம்?"

காபி கொண்டுவந்த குஞ்சிதபாதத்தின் மனைவி திலகவதி, டம்ளரை வைக்காமல் அப்படியே நின்றாள்.

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் வசனத்த மாத்திப் பேசிக்கினு இருக்கீங்களா?"

உள்ளே பொற்கொடி சிரித்த சத்தம் கேட்டது. ஃபிரிட்ஜ் மட்டும் ஜூனியர் மாதிரி அடக்கமாக முனகியது.

குஞ்சிதபாதம் மெல்ல உட்கார்ந்தார். எழுத்துத் தேதிதான் தேதி என்று அடித்துப் பேசினால் பதிகம் ஜெயித்துவிடும். ஆனால் தன் பதினெட்டு வருஷத்தைத் தன் வாயாலேயே குப்பையில் கொட்டியதாக ஆகும். ஹெல்மெட் பத்தாமல் முறை வைத்துப் போட்டுக்கொண்ட வருஷம், மழைக்காலத்தில் பெல்ட்டுக்கடியில் சேறும் கரியும் கஞ்சியாக ஓட இடுப்பு வரைக்கும் நின்ற வருஷம், எல்லாம் வாய்ப்பேச்சு. வாயில் இருந்த வருஷமும் சர்வீஸ் என்று ஒத்துக்கொண்டால் வேதம் முந்திக்கொள்ளும். பெண் வீட்டுக்காரன் இறங்கிவிட்டான் என்று பங்காளிகள் பந்தியில் இலை போடுவதற்கு முன்பே சிரிப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மண்டபம் போகும், மகள் முகத்தில் விழிக்க முடியாது.

போன் அடித்தது. மண்டபத்துக்காரர். ஆறு கண்ணும் போனைப் பார்த்தன. கதவுக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு.

"கணக்குல வருங்க" என்றார் குஞ்சிதபாதம். "வாயில இருந்த வருஷமும் சர்வீசுதாங்க. எழுதல, அவ்ளோதான். இல்லன்னு ஆயிடாது. ஐயரு மொதல்ல ஆரம்பிக்கட்டும்."

கோபாலகிருஷ்ணன் திலகவதி கையிலிருந்து காபி டம்ளரை வாங்கி, காவிரி முழுவதையும் குடிப்பவர் போல அவ்வளவு நேரம் குடித்தார். வேதத்தோடு சேர்ந்து அந்தப் பதினெட்டு வருஷமும் கணக்கில் ஏறிவிட்டது என்று அவருக்கும் விளங்காமல் இல்லை.

"அப்ப ஓதுவாரு?" என்று கேட்டார் கடைசியில், டம்ளருக்குள்ளேயே.

"எங்காளு கடைசியா பாடட்டுங்க. மொதல்ல சொல்றத எவன் கேக்கறான்? பாதிப் பேரு அப்பதான் செருப்பு வுட எடம் தேடிக்கினு இருப்பான். கடைசியா பாடறதுதாங்க சாப்ட்டு கை கழுவற வரைக்கும் காதுல நிக்கும்." மீசை பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. "நான் மொதல்லேருந்தே இதத்தான கேட்டுக்கினு இருக்கேன்? திலகா, போன எடு. ஆவணி முகூர்த்தம் நம்புளதுன்னு சொல்லு."

மறுநாள் காலை பஸ் மந்தாரக்குப்பம் முனையில் திரும்பியது. கை பழக்கத்தில் துண்டு பறந்தது. மடியில் விழவில்லை, சீட்டில் விழுந்தது.

குஞ்சிதபாதம் படியேறிப் பார்த்தார். ஜன்னலோரம் காலி. கோபாலகிருஷ்ணன் பக்கத்தில், நடைவழி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, எதிரே இருந்த டிரைவரின் முதுகை இதுவரை பார்த்திராத அதிசயம் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திடீரென்று போனில் மூழ்கினார்கள். பின்னால் இருந்து யாரோ, "சீனியர், ஒக்காருங்க, வண்டி எடுக்கணும்ல" என்றார்.

கோபாலகிருஷ்ணன் கால்களை மடக்கி வழி விட, குஞ்சிதபாதம் உள்ளே நுழைந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார். வெளியே முந்திரித் தோப்பு போனது, மண்மேடு போனது, தூரத்தில் புகைபோக்கிகள் போயின. இரண்டு வருஷம் சண்டை போட்டு வாங்கிய ஜன்னலை இரண்டு நிமிஷம் பார்த்திருப்பார். பிறகு துண்டை எடுத்து உதறி, சம்பந்தியின் தோள்களில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற மாதிரி மரியாதையாகப் போர்த்தினார். போர்த்திய கையோடு அதன் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.