கோல் தெரிகிற இடம்

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவனுக்கு உட்காருவதும் ஒரு வேலைதான். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் அங்கே ரத்தம் ஓடாது. தோல் செத்துப்போகும். வலி இருக்காது என்பதால் நமக்குத் தெரியவும் தெரியாது. அதனால் சக்கர நாற்காலியில் காற்றடைத்த மெத்தை ஒன்றைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். சபுர் என்று நாங்கள் சொல்கிற வளைகுடா வேலைக்குப் போன இடத்தில், ஒரு கட்டடத்தில் ஏ.சி. குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து நான் மேலப்பாளையத்துக்குத் திரும்பியபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. உட்காரப் படிக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அதற்கு முன்னால் நான் கால்பந்து ஆடுகிறவன். எங்கள் ஊரில் நோன்பு முடிந்த பிறகு, வாய்க்காலுக்கு அந்தப்புறம் இருக்கிற மைதானத்தில் ஏழு பேர் ஆட்டம் நடக்கும். கேரளாவிலிருந்துகூட அணிகள் வரும். சவுக்குக் கம்பு நட்டுப் பலகை கட்டி கேலரி போடுவார்கள். வலது ஓரத்தில் ஓடுவது என் இடம்.

பாளையங்கோட்டையில் பிசியோதெரபிக்குப் போன இடத்தில்தான் ஏரல் அண்ணாச்சியைப் பார்த்தேன். தென்னை ஏறுகிறவர். மட்டை வழுக்கி விழுந்து என்னைப் போலவே ஆகியிருந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் நான் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பினார்.

"தம்பி மேலப்பாளையமா? அப்ப வருஷா வருஷம் பந்து பாக்கலாம்லா?"

சின்ன வயதில் ஏரலிலிருந்து சைக்கிள் மிதித்துக் கடற்கரை ஊர்களுக்குப் போய் ஆட்டம் பார்த்து வளர்ந்தவராம். அன்றிலிருந்து தினமும் போனில் பேசுவோம். எங்கள் வலிகளைப் பற்றிப் பேசியதைவிட, யார் எங்கே பந்தைக் கோட்டைவிட்டான் என்று பேசியதுதான் அதிகம்.

அந்த வருஷப் போட்டிக்கு அண்ணாச்சியும் மதினியும் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மைதானத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. மதினி என் மனைவியோடு வீட்டில் இருந்துகொண்டார். எங்கள் தெரு ஆட்டோக்காரர் எங்கள் இரண்டு பேரையும் கொண்டுபோய் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் விட்டார். ஆட்டம் தொடங்கும்வரை எல்லாம் நன்றாகத் தெரிந்தது. விசில் ஊதியதும் கூட்டம் எழுந்து கோட்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்களுக்குத் தெரிந்தது முதுகும் கைலியும்தான்.

"கோல்" என்று சத்தம் கேட்டது. "யாரு போட்டது?" என்று முன்னால் நின்றவரைக் கேட்டேன். அவர் துள்ளிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை.

அண்ணாச்சி என் பக்கம் சாய்ந்தார். "எனக்கு முன்னால நிக்கவன் சட்டையில ஒரு பொத்தல் இருக்கு தம்பி. அது வழியா பந்து தெரிஞ்சா சொல்லுதேன்."

சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவர் சாப்பிடாமலே ஊருக்குக் கிளம்பினார்.

போட்டிக் கமிட்டியின் செயலாளர் என்னோடு ஆடியவன். பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறான். கடைக்குப் படி உண்டு; என்னால் ஏற முடியாது. அவன் ரோட்டுக்கு இறங்கி வந்து பேசினான்.

"நீ கேட்டு நா இல்லன்னு சொல்லுவேனாலே? அடுத்த வருஷம் ஒங்களுக்குத் தனி மேடையே போட்டுருதேன்."

"ஒசரம் வேண்டாம்லே. நாற்காலிய நாங்களே தள்ளி ஏறுற மாதிரி நீளமா சாய்வு வை. வெயிலுக்கு மேல ஒரு கீத்து போடு."

"எல்லாம் நா பாத்துக்கிடுதேன். நீ வந்து உக்காந்தா போதும்."

சொன்னபடி மேடை போட்டான். நின்றால் நெஞ்சுக்கு வரும் உயரம். கூட்டத்தின் தலைக்கு மேலே தெரிய வேண்டுமே என்று நினைத்திருக்கிறான். அவன் நினைத்ததிலும் நியாயம் இருந்தது. ஏறுவதற்கு இரண்டு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்திருந்தார்கள். ஆடுகூட யோசித்துத்தான் அதில் ஏறும். கீற்று இல்லை. மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கிற கிழக்குப் பக்கம். முன்னால் சக்கர நாற்காலி படம் போட்ட போர்டு ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு அண்ணாச்சி மதினியோடு வந்தார்; மதினி போன வருஷம் போலவே எங்கள் வீட்டில் இருந்துகொண்டார். கமிட்டி பனியன் போட்ட பையன்கள் என்னை நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். அதிலேயே அவர்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது. அண்ணாச்சியை ஆளை மட்டும் தனியாகத் தூக்கி ஏற்றினார்கள். பிறகு நாற்காலியை ஏற்றி அதில் உட்கார வைத்தார்கள். மெத்தை கீழே புல்லில் கிடந்தது.

"அண்ணாச்சி, ஒங்க மெத்த கீழ கெடக்கு" என்றேன்.

அவர் குனிந்து சத்தம் போட்டார். "ஏ தம்பி, அந்த மெத்தைய இங்கன எடுத்துப் போடுங்கடே."

"இந்தா வாரேன் அண்ணாச்சி" என்றான் ஒருவன். விசில் ஊதியது. அவனும் ஆட்டம் பார்க்க ஓடிவிட்டான். நானும் கத்திப் பார்த்தேன். செண்டையும் விசிலும் சேர்ந்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"விடுங்க தம்பி. இன்னைக்கு ஒருநாள்தானே. கையை ஊனிக்கிடுதேன்" என்றார்.

மேலேயிருந்து மைதானம் முழுவதும் தெரிந்தது. விழுந்த பிறகு நான் அப்படி ஒரு முழு மைதானத்தைப் பார்க்கவில்லை. பந்து இல்லாத பக்கத்தில் யார் ஓடுகிறான், யார் களைத்து இடுப்பில் கை வைத்து நிற்கிறான் எல்லாம் தெரிந்தது. அண்ணாச்சி ஆட்டத்துக்குள்ளேயே போய்விட்டார். "எடது பக்கம் ஆளே இல்லலே! அங்கன போடு!" என்று கத்தினார். அந்தப் பையனுக்கு அது கேட்டதோ என்னவோ, பந்தை அங்கேயே போட்டான், கோல் விழுந்தது. அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தார். நகம் பதிந்தது. நான் உடம்பைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் அவரையும் தூக்கச் சொன்னேன். ஒன்றிரண்டு தடவை தூக்கினார். பிறகு மறந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்தும் எங்களை இறக்க ஆள் வரவில்லை. பரிசளிப்பு, பேச்சு, பொன்னாடை எல்லாம் முடியும்வரை மேடையிலேயே இருந்தோம். காலில் குழாயோடு கட்டியிருந்த என் மூத்திரப் பை நிறைந்து கசிந்துகொண்டிருந்தது. மதினி பக்கத்தில் இல்லாமல் அண்ணாச்சி அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மெத்தையை நகர்த்துவது, கால்சட்டை மடிப்பை இழுத்துவிடுவது, "தூக்குங்க" என்று நினைவுபடுத்துவது எல்லாம் மதினிதான் செய்வார். அவர் என் வீட்டு அடுப்படியில் என் மனைவிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் மதினி அவரைத் துடைத்துவிடும்போது பிட்டத்தில் சிவப்பாக ஒரு தடம் இருந்ததாம். கொஞ்ச நாளில் அது கறுத்தது. பிறகு குழியானது. காய்ச்சல் விடாமல் அடித்தபோது பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நானும் என் மனைவியும் பார்க்கப் போனோம். குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டியிருந்தும் வாடை வந்தது. எலும்பு தெரிகிறது என்று மதினி வராந்தாவில் வைத்து மெதுவாகச் சொன்னார்.

அண்ணாச்சி ஒரு கன்னம் தலையணையில் அழுந்தியபடி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார்.

"மேட நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. கீத்து மட்டும் போடணும். அவன்ட்ட சொல்லுங்க."

அவர் ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் செத்துப்போனார். ஏரலுக்குப் போனேன். ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு இறங்குகிற பாதை என் நாற்காலிக்கு ஆகாது. ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மறுவருஷம் போட்டிக்கு முன்னால் செயலாளர் போன் செய்தான். மேடைக்கு அண்ணாச்சி பெயரை வைக்கப்போவதாகச் சொன்னான். கமிட்டிக் கூட்டத்துக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிப் போனேன்.

"அவரு எப்படி இறந்தாருன்னு தெரியுமாலே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"காய்ச்சல்னு சொன்னாவ."

"அன்னைக்கு மெத்தையில்லாம ஒங்க மேடையில உக்காந்திருந்தாருலா, அதுல வந்த புண்ணு. அதுலதான் இறந்தாரு."

அவன் முகம் வெளிறியது. "நல்லது செய்யப் போயி நாங்க ஆளக் கொன்னோம்ங்கியா?"

"அப்படிச் சொல்லல. தூக்கி வைக்கிற மேட வேண்டாம். தானா ஏறி தானா இறங்கணும். நெழல் வேணும். எங்க கூட ஒரு ஆளு உக்கார எடம் வேணும். எனக்கு என் வீட்டுக்காரிதான் எல்லாம் செய்யுதா. அவ பக்கத்துல இருக்கணும்."

ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "பொம்பளைய அங்கன கூட்டிட்டு வாரது சரிப்படாதுப்பா."

அந்த வருஷம் மேடையே போடவில்லை. அண்ணாச்சி பெயரையும் எங்கும் எழுதவில்லை. முதல் ஆட்டத்துக்குப் போனபோது வாசலில் நின்ற பையன் என் நாற்காலியின் முன்னால் வந்து நின்றான். அண்ணன் முறைக்கு எங்கள் ஊரில் சொல்கிற 'காக்கா' போட்டு மரியாதையாகத்தான் பேசினான்.

"காக்கா, ஒங்களுக்கு ஏதும் ஆயிட்டுன்னா எங்களத்தான் கேப்பாவ. போன்ல லைவ் வருது. வீட்ல இருந்தே பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சியின் சாவைக் காட்டியே எனக்கு வாசலை மூடினார்கள். விழுந்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு கசப்பு வந்ததில்லை. திரும்பிப் போகும்போது வாய்க்கால் பாலத்தில் என்னை யாரும் தள்ள வேண்டாம் என்று சொல்லி நானே தள்ளிக்கொண்டு போனேன். உள்ளங்கை கிழிந்தது.

இதையெல்லாம் போனில் மதினியிடம் சொன்னேன்.

"அந்த மேடையில இருந்து பாத்த அன்னைக்கு ஆட்டோவில ஏரல் போய்ச் சேருத வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாவ தம்பி. எவன் எப்படி அடிச்சான், எப்படி விழுந்துச்சுன்னு. மரத்துல இருந்து விழுந்த பொறவு அவிய அப்படிப் பேசி நா பாக்கல. அந்த நாள வையவும் முடியல, நெனச்சு சந்தோசப்படவும் முடியல." பிறகு, "நா வாரேன். அந்தத் தம்பிகிட்ட நானே பேசுதேன்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். நானும் என் மனைவியும் கூடப் போனோம். இரும்புக்கடையில் அடுக்கியிருந்த கம்பிகளுக்கு முன்னால், எனக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே நின்றார். செயலாளர் இறங்கி வந்து கும்பிட்டான். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்திருப்பான்.

"ஒங்கள ஒண்ணும் சொல்ல வரல தம்பி. நா அங்கன இருந்திருந்தா அந்த மெத்தைய எடுத்துப் போட்டிருப்பேன். அம்புட்டுத்தான்."

அவன் காபி குடிக்கச் சொன்னான். மதினி வேண்டாம் என்றார்.

அதற்கு அடுத்த போட்டியில் பலகை மேடை இல்லை. டிராக்டரில் மண் கொண்டுவந்து கொட்டி, முழங்கால் உயரத்துக்கு இறுக்கி, ரோட்டிலிருந்தே நீளமாகச் சாய்வு விட்டிருந்தார்கள். மேலே கீற்று. முன்னால் யாரும் வந்து நிற்காதபடி கயிறு. செயலாளர் வீட்டுக்கே வந்து, "ஒன் வீட்லயும் கூட்டிட்டு வா. எவன் என்ன சொல்லுதான்னு பாப்போம்" என்றான். மதினியையும் கூப்பிட்டேன். "எனக்கு அந்த வெளையாட்டு என்னன்னே தெரியாது தம்பி" என்று சொல்லிவிட்டார்.

நானே தள்ளி ஏறினேன். என் மனைவி புர்காவோடு பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கேலரியில் பல தலைகள் திரும்பின. யாரோ ஒருவர் ஏதோ சொன்னார். யாரோ ஒருவர் அவரை அடக்கினார். அவள் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. என் மெத்தையையும் என் கைகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூக்குங்க" என்பாள். தூக்குவேன். களக்காட்டிலிருந்து மூன்று சக்கர வண்டியில் ஒருவர் தன் அண்ணனோடு வந்து எங்களுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவருக்கும் கோல் தெரிந்தது. இடது பக்கம் ஆள் இல்லாமல் கிடந்தபோது நான் கத்தவில்லை. கத்தினால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

இடைவேளைக்குள் என் மூத்திரப் பை நிறைந்துவிடும். அதைக் காலி செய்ய அங்கே நாற்காலி நுழைகிற மாதிரி ஒரு மறைப்புக்கூட இல்லை. கேட்டிருக்கிறேன். "அடுத்த வருஷம் பாப்போம்லே" என்கிறான். இப்போதும் போட்டி நடக்கிற நாட்களில் போகிறோம். இடைவேளை விசில் ஊதியதும் அவள் எழுந்து நாற்காலியை வீட்டுப் பக்கம் திருப்புகிறாள். அந்த மேட்டிலிருந்து நான் பார்த்ததெல்லாம் முதல் பாதிதான்.