பாட்டு முடியும்வரை

ஊரில் அவருக்குப் பிரம்பு வாத்தியார் என்று பெயர். ஓய்வு பெற்றபின் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனார். அங்கே பிள்ளைகள் மேல் விரல் பட்டாலே வேலை போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளினார்.

சொந்த நாட்டின் சுதந்திர தினத்தன்று, அங்கே பிழைக்க வந்த தம் நாட்டவரையெல்லாம் பள்ளி உணவுக்கூடத்தில் கூட்டி, அவரே கொடியேற்றினார். தேசிய கீதம் தொடங்கியதும் எல்லோரும் விறைத்து நின்றார்கள். முன்வரிசையில் நின்ற லாரி டிரைவர் ஒருவன் மட்டும் நடந்து வந்து, வாத்தியார் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கண்ணாடி பறந்தது. வாத்தியார் தள்ளாடினார்.

"அசையக் கூடாது சார். பாட்டு ஓடுதுல்ல."

அடுத்த குத்தில் மூக்கு உடைந்து வெள்ளைச் சட்டை நனைந்தது. பாட்டு ஓடியதால் ஒருவரும் நகரவில்லை. அவரும் கைகளை உடம்போடு ஒட்டி வைத்தபடியே நின்றார்.

பாட்டு முடிந்ததும் டிரைவர் சொன்னான்: "எட்டாங்கிளாஸ்ல இதே நாள், இதே பாட்டு. மூஞ்சில ஈ உட்கார்ந்துச்சுன்னு கையைத் தூக்கினேன். பிரம்பு முறியற வரைக்கும் அடிச்சீங்க. இந்தக் காது இன்னிக்கும் கேக்காது."

வாத்தியார் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவனை உற்றுப் பார்த்தார். அவர் பிரம்பால் அடித்தது ஒருவனையா இருவரையா, முகம் பிடிபடவில்லை.

"நீ யாருப்பா?" என்றார்.

மூன்றாவது அடி அந்தக் கேள்விக்கு விழுந்தது.