மணல்திட்டுக்குக் காவல்

மூச்சுவிடும் குழாயை வாயிலிருந்து துப்பிவிட்டுப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார் கல்லுளிமங்கன். ஏறவில்லை.

"என்னங்க, பை காலியா இருக்கு?" என்றாள், படகோட்டும் மனைவி.

"பாறை இல்ல."

"இடம் மாறி இறங்கிட்டீங்களா?"

அவருக்கா இடம் மாறும்? கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேருகிற இடம். "பாதிப் பாறையக் காணோம்டி. வழிச்சு எடுத்துட்டானுங்க" என்றார். சொன்ன பிறகும் அவராலேயே நம்ப முடியவில்லை.

பொந்துக்குப் பொந்து சிங்கி இறால் மீசையாட்டிய இடத்தில் நேராக வெட்டிய பள்ளம். அதன் மேல் ஒற்றை மீன், தன் வீட்டைத் தேடுவது போலச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

எதைக் கேட்டாலும் வாய் திறக்காததால் வந்த பெயர்தான் கல்லுளிமங்கன். 'கல்லுளிமங்கன் போன வழி காடுமேடெல்லாம் தவிடுபொடி' என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். விளையாட்டுப் பேச்சு இப்படியா பலிக்க வேண்டும்!

முக்குளிக்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியாள் யார் கேட்டாலும் தெற்கே இருக்கும் மணல்திட்டைத்தான் காட்ட வேண்டும். அங்கே மருந்துக்குக்கூட ஒரு பாசி கிடையாது. அதைப் பொய் என்று அவர்கள் யாரும் நினைப்பதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது பொய்யா என்ன?

போன வருடம், கடலில் எந்த இடத்தை மூடிக் காப்பது, எங்கே மீன் பிடிப்பது, எங்கே கப்பல் விடுவது என்று நாட்டுக்கே ஒரு கொள்கை வகுத்தார்கள். அதற்காக ஒரு ஆராய்ச்சிக்காரம்மா மீனவர் சங்கத்துக் கட்டடத்துக்கு வந்தார். வரைபடம் காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் டீ கிளாஸ்.

"அண்ணே, உசுருங்க நிறைய இருக்கிற இடத்தைக் காட்டுங்க. மூடிப் பாதுகாக்கப் போறோம்."

இடத்தை மூடினால் இவர்கள் பிழைப்பையும் சேர்த்தல்லவா மூடுவார்கள்! அந்தம்மா மூன்று முக்குளிப்பவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மூன்று விரலும் மணல்திட்டில்தான் போய் நின்றன.

"அப்ப இந்த வடக்குப் பக்கம்?"

"வெறும் சேறும்மா" என்றார் கல்லுளிமங்கன். பக்கத்தில் நின்ற மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் காலை ஒரு மிதி மிதித்தார்.

அந்தம்மா இரண்டு இடத்திலும் தானே இறங்கியும் பார்த்தார். தண்ணீர் கலங்கலாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. "மூணு பேரும் ஒரே இடத்தைச் சொல்றீங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கொள்கை வந்தது. மணல்திட்டுக்குக் காவல் படகு போட்டார்கள். கப்பல் பாதையை எந்த உயிருக்கும் சேதம் வராத இடமாகப் பார்த்து, வடக்கே 'சேற்றில்' தோண்டச் சொல்லிவிட்டார்கள். கடல் கொந்தளிப்பில் இவர்கள் கரையில் முடங்கிக் கிடந்தபோது தூர்வாரும் கப்பல் தெரியத்தான் செய்தது. எங்கோ தூரத்தில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார் பாவி மனுஷன்.

"இன்னும் பாதி நிக்குதுல்ல?" என்றாள் மனைவி. "கப்பல் மண்ணு கொட்டப் போயிருக்கு. வர்றதுக்குள்ள போய்ச் சொல்லிடலாம். ஏறுங்க."

படகை நேரே மணல்திட்டுக்கு விட்டாள்.

"கிட்ட வராதீங்கண்ணே, மூடின இடம்" என்றான் காவல்காரன்.

"தம்பி, இங்க ஒண்ணுமே இல்ல. வெறும் மணலு. உசுரெல்லாம் வடக்குப் பாறையில இருக்கு. அதைத்தான் தோண்டுறாங்க. நிறுத்தச் சொல்லுங்க தம்பி." வாழ்நாளில் வெளியாளிடம் அவர் இடத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

காவல்காரன் சிரித்தான். "இங்க பிடிக்க ஆசைப்படுற எல்லாரும் இப்படித்தாண்ணே சொல்றாங்க. உங்க ஆளுங்க மூணு பேரு காட்டின இடம் இது."

"அந்த மூணுல நானும் ஒருத்தன்."

"அப்ப அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

கல்லுளிமங்கன் வடக்கே விரலை நீட்டினார். அங்கே கப்பல் திரும்பி வந்து, தோண்டத் தொடங்கியிருந்தது.