துணைக் கேள்வி

அன்று காலை அக்கா தொலைக்காட்சிப் பெட்டிக்குச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்திருந்தாள். நான் தேனியிலிருந்து முதல் பேருந்தில் சின்னமனூருக்கு வந்து இறங்கி அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கண்ணில் பட்டது அதுதான். தலைக்குக் குளித்து, எடுத்துக் கட்டாமல் வைத்திருந்த பச்சைப் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள். "என்னக்கா இது, கல்யாண வீடு மாதிரி?" என்று கேட்டேன். "அவுக பேரு டில்லியில வரப் போகுதுல்ல தம்பி, அதேன்" என்றாள். பதினொரு மணிக்கு நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம். வெளியுறவு அமைச்சர் பதில் சொல்லும் நாள்.

அத்தான் போடியிலிருந்து மலைக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பை ஓட்டியவர். மலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்குப் பழக்கம். வளைகுடா நாடு ஒன்றில் லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நிலத்தில் பாதியை ஒத்திக்கு வைத்துவிட்டுப் போனார். முதலில் வெள்ளிக்கிழமைதோறும் பக்கத்து எஸ்.டி.டி. கடைக்குக் கூப்பிடுவார். பிறகு அழைப்பு நின்றது. அங்கே வேலை பார்த்துக் குமுளிக்குத் திரும்பிய மலையாளி ஒருவர் சொல்லி அனுப்பித்தான் எங்களுக்குத் தெரிந்தது: லாரியில் அடிபட்டு ஓர் ஆள் இறந்துவிட்டார், அத்தானைப் போலீஸ் கொண்டு போய்விட்டது. எந்தச் சிறை, என்ன தண்டனை, உயிரோடுதான் இருக்கிறாரா என்று எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தூதரகத்துக்கு நான் எழுதிய மனுக்கள் எல்லாவற்றுக்கும் 'கிடைக்கப் பெற்றோம்' என்ற ஒரே வரிதான் வந்தது.

எங்கள் பக்கத்து எம்.பி. ஒருவரின் அலுவலகத்துக்கு நானும் அக்காவும் நடையாய் நடந்தோம். அவருடைய உதவியாளர் நல்ல மனிதர். பேரைப் போட்டுக் கேட்டால் கேள்வியை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவர்தான் விளக்கினார். "பொதுவாத்தேன் கேக்கணும் சார். வளைகுடா நாட்டுச் சிறையில எத்தன இந்தியர் இருக்காக, அரசு என்ன செஞ்சிருக்குன்னு அச்சுல வரும். மந்திரி பதில் சொன்ன ஒடனே ஐயா எந்திரிச்சுத் துணைக் கேள்வி கேப்பாக. அப்பச் சொல்லிரலாம், இந்த மாதிரி எங்க ஊர்க்காரரு இன்னாரு, அவரு எங்கன்னு. மந்திரி எல்லாரு முன்னாலயும் பதில் சொல்லியே ஆகணும்." கேள்விகளை வரிசைப்படுத்தும் குலுக்கலில் எங்கள் கேள்வி மூன்றாவதாக வந்தது. மூன்றாவது என்றால் கண்டிப்பாக எடுத்துக்கொள்வார்களாம். லாட்டரி விழுந்ததுபோல அவர் சிரித்தார். எம்.பி.யின் சட்டைப்பையில் வைக்க ஒரு சீட்டு கேட்டார். "பேரச் சொல்லுங்கம்மா" என்றதும் அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழுதிக் கொடுத்தேன்.

பத்தரை மணிக்கே தெருவில் பாதிப் பேர் அந்த அறையில் இருந்தார்கள். அத்தானுக்குப் பெரியப்பா முறையில் இருந்த ஒருவர் எல்லாருக்கும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "எங்கடா மந்திரி? அந்தா கண்ணாடி போட்டிருக்காரே, அவரா? ஆளப் பாத்தா நம்ம ஏல மண்டி கணக்கப்பிள்ள மாதிரில்ல இருக்காரு" என்றார். "சித்த வாய மூடுங்க மாமா, பேரு வர்ற நேரத்துல பேசித் தொலையாதீக" என்று அக்கா அதட்டினாள். அமைச்சர் முன்வரிசையில் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தாள்களில் ஏதோ ஒன்றில் அத்தான் இருப்பதாக எனக்குப் பட்டது.

அந்த வாரம் முழுக்கப் பள்ளத்தாக்கில் அணைத் தண்ணீர்ப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்தது. கம்பத்திலிருந்து தேனி வரை கடையடைப்பு. நெல் நாற்று பாவிவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்த வீடுகளில் அக்கா வீடும் ஒன்று. கேள்வி நேரம் தொடங்கி முதல் கேள்வியை அவைத்தலைவர் கூப்பிட்டதும் பின்வரிசையில் சிலர் எழுந்து கத்தினார்கள். அவர்களில் ஒருவர் வேட்டியை மடித்துப் பிடித்தபடி அவையின் நடுவுக்கு இறங்கி வந்தார். எங்கள் எம்.பி.

அறை அதிர்ந்தது. "ஏலே, நம்ம ஆளுடா!" என்று பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "விடாதீக! தண்ணியக் குடுக்கச் சொல்லுங்க!" யாரோ விசில் அடித்தார்கள். அக்காவும் கை தட்டினாள். வயல்காட்டுப் பெண் அவள். தண்ணீருக்காக ஒருவன் டில்லியில் நின்று கத்துவதைப் பார்த்து அவளால் கை தட்டாமல் இருக்க முடியவில்லை. அவர் எட்டிக் கத்தும்போது சட்டைப்பை தெரிந்தது. அந்தச் சீட்டு அதற்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

அவைத்தலைவர் உட்காரச் சொன்னார், மறுபடியும் சொன்னார், பிறகு அவையைப் பன்னிரண்டு மணிக்கு ஒத்திவைத்துவிட்டு எழுந்தார். அமைச்சர் தாள்களை ஒன்றாக அடுக்கி உதவியாளர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திரையில் பூச்சட்டியும் வீணை இசையும் வந்தன. அக்கா இன்னும் சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பி, "பன்னெண்டு மணிக்கு நம்ம கேள்வி வருமா தம்பி?" என்று கேட்டாள். கேள்வி நேரம் பன்னிரண்டோடு முடிந்துவிடும் என்று சொன்னேன். தட்டிய கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாலையில் எம்.பி.க்காகக் கடைவீதியில் வெடி போட்டார்கள்.

உதவியாளர்மேல் கோபப்பட முடியவில்லை. "அன்னைக்கு ஐயா உக்காந்திருந்தாகன்னா இங்கன காலு வைக்க முடியுமா சார்? நீங்களே கடையடைப்புல நின்னவுகதேன்" என்றார். எடுக்கப்படாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் உண்டு என்று ஓர் ஆங்கிலத் தாளைத் தந்தார். நாடுவாரியாக ஓர் அட்டவணை, கீழே இரண்டு பத்தி. இந்தியத் தூதரகங்கள் தொடர்ந்து கவனித்து வருகின்றன, தேவையான உதவிகள் அளிக்கப்படுகின்றன. அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். பத்திகளை அவள் காதில் வாங்கவில்லை. அத்தான் போன நாடு எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்டு, அதற்கு நேரே இருந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள். "இதுல ஒண்ணு அவுகளா?"

இருக்கலாம் என்றேன். அந்த 'இருக்கலா'மை வைத்துக்கொண்டு அவள் அடுத்த கூட்டத்தொடர் வரை இருந்தாள். அந்த முறை வேறு யாரோ அதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். அட்டவணையும் அதேதான், ஆனால் அந்த நாட்டுக்கு நேரே எண் குறைந்திருந்தது. நல்ல சேதி என்று நினைத்துத்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கொறஞ்சவுக வீட்டுக்கு வந்துட்டாகளா, இல்ல அங்கனயே முடிஞ்சு போனாகளா? அதப் போட்டிருக்காகளா தம்பி?" போட்டிருக்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை.

அதன்பிறகு அவள் எந்தத் தாளையும் கொண்டு வரச் சொல்லவில்லை. எம்.பி. மாறினார், அமைச்சர்கள் மாறினார்கள். இப்போது பதில்களெல்லாம் இணையத்தில் வருகின்றன. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் நான் வேலை பார்க்கும் பள்ளி விட்டதும் கணினி மையத்தில் உட்கார்ந்து தேடுகிறேன். பத்து வருடங்களுக்கு மேலாகியும் அந்த இரண்டு பத்திகள் ஏறக்குறைய சொல் மாறாமல் இருக்கின்றன. நான் இன்னும் தேடுவது அத்தானுக்காக மட்டும் இல்லை. என் மகன் அதே நாட்டுக்குப் போயிருக்கிறான். படித்த வேலை, நல்ல கம்பெனி என்று எல்லாரும் சொல்கிறார்கள். அழைப்பு ஒரு நாள் தள்ளிப்போனாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அவன் கிளம்பிய அன்று தேனி பேருந்து நிலையத்துக்கு அக்கா வந்திருந்தாள். பேருந்து புறப்படும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏலே ராசா, அங்கன நம்ம பக்கத்து ஆளுக யாரப் பாத்தாலும் கேளு" என்று சொல்லி, அத்தானின் பெயரை அவர் அப்பா பெயரோடு, ஊரோடு, சத்தமாகச் சொன்னாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர். பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. மகன் காதில் கையை வைத்து, "என்ன அத்தே? கேக்கல" என்றான். அவள் மறுபடியும் சொன்னாள். வண்டி நகர்ந்துவிட்டது.