மேலயா, கீழயா?

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அன்றைக்குத்தான், வண்டியின் முன் பிரேக்கைச் சரிசெய்தே தீரவேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றியது. எனக்கு எட்டு வயது. வந்ததே ஆத்திரம். குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்க, அம்மாவுக்குக் கால் வீங்கி, பிபி ஏறி, குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் படுக்கவைத்திருந்தார்கள். என்னைப் போன்ற வாண்டுகளை மேலே விடவில்லை. அப்பா வராந்தாவில் நடந்த நடையைப் பார்த்து அம்மாவின் தங்கைக்கே, அதாவது என் சித்திக்கே, தலைசுற்றிவிட்டது.

"மாமா, நீங்க இப்படி நடந்துகினே இருந்தா அக்காவுக்கு இன்னும் பிபி ஏறும். பாப்பாவ இட்டுகினு எங்கனா போய்ட்டு வாங்க" என்று அவரைக் கீழே அனுப்பிவிட்டாள்.

எங்கேயாவது என்றால் ஐஸ்கிரீம் கடை என்று நான் நினைத்தேன். அப்பா நேராகச் சேலையூருக்கு, வீட்டுக்கு வந்தார். பல நாளாக முன் சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு விடாமல் கிடந்த காலிப்பரைக் கழற்றினார். உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் வளையங்கள் உப்பிப்போயிருந்தன. கடையில் காட்ட ஒன்றை என் கட்டைவிரலில் மாட்டி, "தொலைச்சிடாத" என்றார். கிளம்பிவிட்டோம்.

பிரேக் கிட் என்று கேட்டால் எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான்: மேலயா, கீழயா? ஹேண்டில்பாரில் இருக்கும் பம்புக்குப் போடுகிற ரப்பர் செட் மேல் கிட். சக்கரத்துப் பக்கம் காலிப்பருக்குப் போடுவது கீழ் கிட். இரண்டாவது கடைக்குள் எனக்கே அத்துப்படி. அப்பா கேள்வி முடியுமுன்பே "கீழ" என்பார். அவர்களும் முடியுமுன்பே "இல்ல" என்பார்கள். "அந்த மாடலே நின்னு பூட்ச்சு சார்" என்று ஒருவர் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

சுரங்கப்பாதை வழியாக மேற்குத் தாம்பரம் போனோம். அங்கே ஒரு கடைக்காரர் முழுக் காலிப்பரையே எடுத்து வைத்து, "இத்த மாட்டிடு, அஞ்சு நிமிஷ வேலை" என்றார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லண்ணா, எனக்கு ரப்பர்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பஸ்ஸில் ஏறினால் அதற்குள் நின்றுகொண்டிருக்க முடியாமல் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடுவார். போனை எடுப்பார், பார்ப்பார், பையில் போடுவார், மறுபடி எடுப்பார். எனக்குக் கால் விட்டுப்போயிற்று.

கடைசியாகப் பல்லாவரம். ஒரு பாயின் சின்ன ஸ்பேர்ஸ் கடை. படியேறும்போது சித்தியின் போன் வந்தது. அப்பா "சரி, சரி" என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு என்னிடம் மெல்ல, "இப்பவே ஆபரேஷனாம்" என்றார். நான் விரலிலிருந்த ரப்பரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னாபா வேணும்?" என்றார் பாய்.

"பிரேக் கிட்."

"மேலயா, கீழயா?"

"மேலதான் பாய். மூணாவது மாடி."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். என் விரலிலிருந்த வளையத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "நான் தேடி வைக்கிறேன். ரப்பர் எங்கியும் பூடாது. நீ மொதல்ல அங்க போ" என்றார். ஓடிய ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தியதும் அவர்தான்.

தங்கச்சி பிறந்து, சில நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, அம்மாவோடு நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். பிரேக் அதற்குப் பிறகுதான் சரியானது. இந்தக் கதையை அம்மாவிடம் சொல்வதற்காக நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். அப்பா மாதிரியே நடந்து, பாய் மாதிரியே பேசி, "மூணாவது மாடி" என்று முடித்துவிட்டு, அம்மா சிரிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா, "அன்னிக்கு அப்பா ஏதாவது சாப்ட்டாரா?" என்று கேட்டாள்.

பிரேக் கதைக்கு நடுவில் சாப்பாடு எங்கிருந்து வந்தது? எனக்கு ஒரு பன் வாங்கித் தந்தார், அவர் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை என்றேன். அம்மா தங்கச்சிப் பாப்பாவைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எவ்வளவு நல்ல கதை, கெடுத்துவிட்டாளே என்று நான் கோபித்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.